ஆலோசனைத் திறன் பயிற்சி: நினைவுக் குறிப்பா, ஒலிப்பதிவா, கண்ணாடி அறையா?

"இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை" என்கிறார் மனநல ஆலோசனைக்கு வந்தவர். நான்கு விநாடி மௌனம். பிறகு பயிற்சி மாணவரின் குரல்: "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" அன்று மாலை அதே மாணவர் எழுதும் குறிப்பில் இருப்பதோ, "அவருடைய தனிமையைப் புரிந்துகொண்டு பதில் சொன்னேன்." பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முறை எது என்பதுதான் என் அளவுகோல்.

நினைவிலிருந்து குறிப்பு எழுதி மேற்பார்வையாளரிடம் பேசுவது செலவில்லாதது, எங்கும் நடப்பது. மாணவர் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது இதில் நன்றாகத் தெரியும். அவர் எப்படிக் கேட்கிறார் என்பது தெரியவே தெரியாது. சமைத்ததைச் சொல்லக் கேட்டு உப்புப் பார்ப்பது மாதிரி.

ஒலிப்பதிவு அப்படி ஏமாறாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் குழு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு அமர்வுகளைப் பதிவுசெய்தது. 1942இல் வந்த அவருடைய நூலில் ஒருவரின் எட்டு அமர்வுகள் சொல்லுக்குச் சொல் அச்சாகின. ஆனால் பதிவைப் போட்டு மேற்பார்வையாளர் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே போனால், மாணவர் அடுத்த வாரம் நன்றாக அமைந்த பத்து நிமிடத்தைத் தேடி எடுத்துவருவார். நார்மன் ககன் 1960களில் உருவாக்கிய முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான்: பதிவை நிறுத்தும் பொத்தான் மாணவர் கையில் இருக்கும். அவர் நிறுத்திய இடத்தில் எதிரே இருப்பவர் கேட்பது, "அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது?" என்பது போன்ற கேள்விகள் மட்டுமே. மேலே சொன்ன நான்கு விநாடியில் நிறுத்தினால், "அழுதுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்" என்று வரும். நாள்கணக்கு கேட்டதன் காரணம் அங்கே இருக்கிறது. எந்தக் குறிப்பிலும் அது வந்திருக்காது.

பதிவுக்கு வந்தவரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், கோப்பைப் பத்திரமாக வைத்து, உரிய காலத்தில் அழிக்கவும் வேண்டும். சிலர் கருவியைப் பார்த்ததும் இறுகிப்போவதும் உண்டு.

ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் மேற்பார்வையாளர் உட்கார்ந்து, வேண்டும்போது தொலைபேசியில் அழைத்துத் திருத்துவது குடும்பச் சிகிச்சையில் வளர்ந்த வழக்கம். தற்கொலை எண்ணம் போன்ற ஆபத்து இருக்கும் அமர்வில் இதற்கு ஈடில்லை, ஏனென்றால் தவறை அப்போதே தடுக்கலாம். தொடர்ந்து செய்தால் மாணவரின் காது வந்தவரை விட்டுவிட்டுத் தொலைபேசி மணியிலேயே இருக்கும்.

ரோல்-ப்ளே, அதாவது சக மாணவரை ஆலோசனைக்கு வந்தவராக நடிக்கவைத்துப் பழகுவது, முதல் மாதங்களுக்கு. ஆலன் ஐவி 1960களில் காட்டிய வழியில், ஒரு நேரத்தில் ஒரே திறன், ஐந்து நிமிடம், பதிவை உடனே பார்த்துவிட்டு மறுபடி. சக மாணவர் வசதியான இடத்தில் அழுது வசதியான இடத்தில் தேறிவிடுவார். அது தெரிந்தே பழக வேண்டும்.

"எதற்கு இத்தனை? ஆட்களைப் பார்க்கப் பார்க்கத் தானாக வரும்" என்பவர்களும் உண்டு. 170 சிகிச்சையாளர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், அனுபவம் கூடக்கூட, வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியில் கூடவில்லை, சிறிதளவு குறைந்தது.

என் தேர்வு ஒலிப்பதிவும் ககன் முறையும். நினைவுக் குறிப்பையும் கைவிட வேண்டாம்: பதிவைக் கேட்பதற்கு முன்பே அதை எழுதி முடித்துவிடுங்கள், கேட்டபின் ஒரு சொல்லும் திருத்தாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.