ரத வீதியில் கார் வேண்டாம் என்றால், எந்த வழி?

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளுக்கு ஆங்கிலத்தில் 'கார் ஸ்ட்ரீட்' என்று பெயர். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் தேரைத்தான் கார் என்று எழுதினார்கள், நம்ம ஆட்கள் அதை நம்பி நிஜக் காரையே உள்ளே விட்டுவிட்டார்கள் என்பார் தெற்கு ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ ரத வீதியில் போய் நின்றால் சிரிப்பு வராது. நெல்லையப்பரைப் பார்க்கப் போகிறவர்கள், இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்கிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்ட முடியாமல் நிற்கிற ஒரு அம்மா, இத்தனை பேருக்கும் நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கார். உள்ளே ஒரே ஆள்.

இதற்கு வெளியூர்களில் செய்து பார்த்த வழிகளில் மூன்று நமக்கு ஒத்துவருமா என்று யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிகளை உள்ளே விடாமல் தடுப்பது. கொலம்பியாவின் போகோட்டாவில் 1974-இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, 100 கிலோமீட்டருக்கும் மேலான சாலைகள் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான். செலவு குறைவு, நாலு தடுப்பும் கொஞ்சம் ஆட்களும் போதும். ஆனால் நம்ம பிரச்சினை ஞாயிறு காலை இல்லையே, தினமும் சாயங்காலம் அல்லவா? ஒத்திகைக்கு வேண்டுமானால் சரி.

இரண்டாவது, சென்னை பாண்டி பஜார் மாதிரி. 2019-இல் திறந்தார்கள். நடைபாதையை நன்றாக அகலப்படுத்தி, உட்கார இடம் கொடுத்து, காருக்கு மிச்சத்தை விட்டார்கள். போய் நடந்து பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. நெல்லைக்கும் இதையே கேட்கிறவர்கள் அதிகம். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஆனியில் தேர் வரும். ஒன்றல்ல, ஐந்து தேர். அதிலும் சுவாமி தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று, இன்றைக்கும் மனிதர்கள் வடம் பிடித்து இழுப்பது. வாகையடி முக்கில் அது திரும்பும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும், சறுக்குக்கட்டை போடுகிறவர்கள், வடம் பிடிக்கிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று ஓரத்துக்கு ஓரம் தெரு மொத்தமும் தேவைப்படும். அங்கே போய் கருங்கல் பெஞ்சும் இரும்புக் குத்துக்கம்பியும் நட்டுவைத்தால் ஆனிக்கு முன்னால் பிடுங்க வேண்டும். பிடுங்கியது திரும்ப நடப்படுமா என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். உயர்த்திய நடைபாதை எப்படியும் ஒரே வாரத்தில் டூவீலர் ஸ்டாண்ட் ஆகிவிடும், அது வேறு.

மூன்றாவது, தெருவையே நடக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெருவில் 1962-இல் வண்டிகளுக்குத் தடை போட்டபோது கடைக்காரர்கள்தான் முதலில் பதறினார்கள். இன்றைக்கு அந்த ஊரிலேயே கூட்டம் அள்ளுகிற கடைத்தெரு அது. ஸ்பெயினின் பொந்தேவேத்ரா இன்னும் நமக்குப் பக்கம். அது சின்ன ஊர், 1999 முதல் பழைய நகரின் மையத்திலிருந்து கார்களைப் படிப்படியாக வெளியே அனுப்பினார்கள். நிறுத்துமிடத்தை ஓரத்தில் வைத்து அங்கிருந்து நடந்து வரச் சொன்னார்கள்.

எனக்கு இந்த மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் முழுநேரமாக இல்லை. சாயங்காலம் நாலு மணி முதல் ஒன்பதரை வரை, முதலில் கீழ ரத வீதி மட்டும். தெருவில் எதையும் நட வேண்டாம், நகர்த்தக்கூடிய தடுப்பு போதும், தேருக்கும் இடைஞ்சல் இல்லை. சரக்கு லோடு ஆட்டோ காலையில் வந்து இறக்கிவிட்டுப் போகட்டும். நடக்க முடியாத ஆச்சிமாருக்கு ஒன்றிரண்டு பேட்டரி வண்டி விட்டுக்கொள்ளலாம்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. டவுன் ஆர்ச் பக்கமோ பொருட்காட்சித் திடல் பக்கமோ வண்டி நிறுத்த இடம் தயாராகாமல் தடுப்பை மட்டும் வைத்தால், அத்தனை வண்டியும் பக்கத்துச் சந்துகளில் போய் அடையும், அங்கே குடியிருக்கிறவர்கள் நம்மைச் சும்மா விட மாட்டார்கள். அதனால் இடம் முதலில், தடுப்பு அப்புறம்.

இதை அந்த அண்ணாச்சியிடம் சொன்னேன். கார் பெயரை வைத்துக் கேலி பேசுகிறவரே, "கடை வாசலுக்கு வண்டி வரலன்னா யாவாரம் படுத்துரும்டே" என்றார்.

"தேரோட்டத்தன்னைக்கு ஒரு வண்டியும் வராதே, அன்னைக்கு எப்படி அண்ணாச்சி?"

"அன்னைக்கு கடைக்குள்ள நிக்க இடம் இருக்காது" என்று சொல்லிவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.