கைபேசியில் பிரெயில் நூல்: பி.ஆர்.எஃப். கோப்பா, ஈபப்பா?

300 பக்கப் பிரெயில் நூலைத் தாளில் தூக்கினால் கை வலிக்கும். பிரெயில் புள்ளிகளைச் சேமிக்கும் பி.ஆர்.எஃப். கோப்பில் ஒரு பக்கம் 25 வரி, வரிக்கு 40 செல் (ஆறு புள்ளிகளுக்கான ஒரு கட்டம்), ஆக 1,000 குறிகள். மொத்த நூலும் சுமார் 300 கேபிதான். சுமப்பதில் சிக்கல் இல்லை. கைபேசியோடு இணைத்த சிறிய பிரெயில் டிஸ்ப்ளேயில் (புள்ளிகள் ஊசிகளாக எழும் கருவி) வாசிக்கும்போதுதான் சிக்கல்.

பி.ஆர்.எஃப். என்பது புள்ளிகளை 64 ஆஸ்கி குறிகளால் (கணினியின் அடிப்படை எழுத்துக்குறிகள்) எழுதிவைத்த கோப்பு, அவ்வளவே. "!" இருந்தால் 2-3-4-6 எண்ணுள்ள புள்ளிகள், ஆங்கிலத்தில் 'தி' என்ற சொல். "&" என்றால் 'அண்ட்'. எந்த மொழி என்ற குறிப்பே உள்ளே இருக்காது. தமிழ் 'க'வும் ஆங்கில 'கே'யும் அதே 1-3 தான். அதனால் கைபேசியின் குரல் இதைப் படித்தால் உளறலாகவே கேட்கும். ஐபோனில், டிஸ்ப்ளேயின் விசைகளில் ஸ்பேஸுடன் 1-3-4 அழுத்திக் குரலை அடக்கிவிடுங்கள்.

சாதாரண உரைச் செயலியில் திறந்தால் இன்னொரு குளறுபடி. திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலாகவும் பிரெயிலாகவும் தரும் மென்பொருள்) இதை அச்செழுத்து என்று நினைத்து மறுபடியும் பிரெயிலாக்கும், "!" வெறும் ஆச்சரியக்குறியாக விரலில் வரும். ஆங்கில கம்ப்யூட்டர் பிரெயில் அட்டவணைக்கு (எந்தக் குறிக்கு எந்தப் புள்ளிகள் என்ற பட்டியல்) மாற்றினால் சரியாகும். ஆனால் கோப்பில் பெரிய எழுத்துகள் இருந்தால் ஆறு புள்ளிகளோடு 7ஆம் புள்ளியும் எழும்பும், எனவே முதலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குங்கள். ஐபோனின் ஐ.ஓ.எஸ். 26-இல் வந்த 'பிரெயில் ஆக்சஸ்' பி.ஆர்.எஃப். கோப்பை நேராகவே திறக்கிறது. இந்த வசதி எப்போதோ வந்திருக்க வேண்டும்.

வரி நீளத்துக்கு அதுவும் மருந்தில்லை. 40 செல் வரியை 20 செல் டிஸ்ப்ளேயில் இரண்டு தடவை நகர்த்த வேண்டும், 14 செல்லில் மூன்று தடவை. நடுவில் வைத்த தலைப்புக்கு முன்னால் வெற்றிடம் மட்டுமே வரும். டிஸ்ப்ளே செத்துவிட்டதோ என்று தோன்றும். பத்திகள் இரண்டு இடைவெளியோடு தொடங்கும் கோப்பானால், அப்படித் தொடங்காத வரிகளை முந்தைய வரியோடு ஒட்டலாம். கவிதையிலும் அட்டவணையிலும் இதைச் செய்தால் நூலே பாழ்.

ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் இந்தத் தொல்லை கிடையாது. உரை டிஸ்ப்ளேயின் அகலத்துக்குத் தானே மடியும், தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். ஆனால் பிரெயிலாக்குவது கைபேசி. தமிழ் நூலுக்குத் தமிழ் அட்டவணையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் விரலுக்குக் குப்பைதான் கிடைக்கும். ஐபோனின் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவரின் பிரெயில் அமைப்பில் 'டர்ன் பேஜஸ் வென் பேனிங்' இயக்கத்தில் இருக்கட்டும். இல்லையேல் பக்கக் கடைசியில் நகர்த்துபொத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

வரியில் முழுதாக அடங்காத சொல்லை உடைக்காமல் அடுத்த வரிக்குத் தள்ளும் 'வேர்ட் ராப்' பற்றித் தமிழ் வாசகர்கள் யோசிக்க வேண்டும். பிரெயிலில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு செல், உயிர்க்குறிக்கு ஒரு செல். 'வந்திருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே 18 செல்! 'வேர்ட் ராப்' இயங்கினால் 20 செல் டிஸ்ப்ளேயில் பல வரிகள் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். அணைத்துவிடுவதே மேல், சொல் நடுவில் உடைவது இரண்டு நாளில் பழகிவிடும்.

டிஸ்ப்ளேயைக் கைபேசியோடு இணைக்கும்போது பொதுவான ப்ளூடூத் பட்டியலில் தொடாதீர்கள். ஐபோனில் அக்சசிபிலிட்டி, வாய்ஸ்ஓவர், பிரெயில் என்ற வழியில் போங்கள். ஆண்ட்ராய்டில் அதன் திரைவாசிப்பான் டாக்பேக்கின் பிரெயில் அமைப்பில் செய்யுங்கள். டாக்பேக் 13ஆம் பதிப்புக் காலத்திலிருந்து தனிச் செயலி தேவையில்லை. நிலைகாட்டும் செல்களையும் அணையுங்கள், 14-இல் ஒன்று போனாலும் நஷ்டம். வாசிக்கும் நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்தாவிட்டால் வாக்கியத்தின் நடுவே ஏதோ ஒரு செய்தி வந்து உட்காரும்.

நாவலுக்கு ஈபப் போதும். கணிதம், இசை, செய்யுள் என்றால் கைதேர்ந்தவர் பிரெயிலாக்கிய பி.ஆர்.எஃப். தான். நீண்ட வாசிப்புக்கு, மெமரி கார்டும் சொந்த வாசிப்பியும் உள்ள டிஸ்ப்ளே கிடைத்தால் கைபேசியைப் பதிவிறக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு கோப்பைக் கார்டுக்கு மாற்றுங்கள். ப்ளூடூத் தாமதமும் இல்லை, விட்ட இடத்தைத் தேடும் வேலையும் குறையும். கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு உட்காருங்கள்: எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் ஊசிகள் சிக்கும், எழாத புள்ளி ஒன்று 'பி'யை 'ஏ' ஆக்கிவிடும்.