மெகிட்சுனே: பதிவில் கேட்பதா, மேடையில் பார்ப்பதா?

ஜப்பானின் மெட்டல் (கனத்த ராக்) இசைக்குழுவான பேபிமெட்டலின் ‘மெகிட்சுனே’ (பெண் நரி) என்ற பாட்டு 2013-இல் வந்தது. ரசிகர்களிடையே முடியாத சண்டை ஒன்று உண்டு: ஸ்டுடியோ பதிவா, மேடை நிகழ்ச்சியா?

பதிவில் எல்லாம் கச்சிதம். கனத்த கிடாருக்கு நடுவே ‘சகுரா சகுரா’ என்ற பழைய ஜப்பானிய மெட்டு தெளிவாகக் கேட்கும். ‘சொரே, சொரே’ என்ற திருவிழாக் கூச்சலும் உண்டு. ஆனால் அது கொஞ்சம் மெருகு கூடிய சத்தம். என் காதுக்கு டிரம்ஸ் சற்று இயந்திரத்தனம்.

மேடையில் கதையே வேறு. 2014 மார்ச்சில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் நடந்த நிகழ்ச்சியைப் பாருங்கள். அந்தக் கூச்சலைக் கூட்டமே எடுத்துக்கொள்கிறது. நடுவில் இசை தணிந்ததும் முதன்மைப் பாடகி சூ-மெட்டல் நரி முகமூடியோடு நிற்பார். அங்கேதான் பாட்டின் பொருள் பிடிபடும். ஜப்பானியக் கதைகளில் நரி உருமாறும்; பெண்ணாக வந்து மனிதரை மயக்கும். இனாரி தெய்வத்தின் தூதரும் அதுவே. பெண்கள் எல்லோரும் நடிகைகள், சிரித்த முகத்துக்குள் கண்ணீரை மறைப்பவர்கள் என்று பாட்டு சொல்வதை அந்த முகமூடி கண்முன் காட்டிவிடுகிறது. கீழே நிற்பவர்களோ விரல்களால் நரி முத்திரை காட்டுகிறார்கள். (மெட்டல் ரசிகர்களின் கொம்பு முத்திரைக்குப் பதில் இது!)

வரிகளையும் மெட்டையும் நுணுக்கமாகக் கேட்கப் பதிவு போதும், சரி. முதல்முறை கேட்பவருக்கு நான் மேடை வீடியோவைத்தான் அனுப்புவேன்.