ஏழு சீசன், ஒரே கம்பளித் தொப்பி: ஸ்காட்லாந்தின் சின்னக் கால்பந்து மைதானங்கள்

டண்டீக்கு நான் குடிவந்தது 2018இல். இந்த ஊரில் டண்டீ, டண்டீ யுனைடெட் என்று பேர்பெற்ற இரண்டு கிளப்கள் இருக்கின்றன. இரண்டின் மைதானங்களும் ஒரே தெருவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டு, சனிக்கிழமை ஆனால் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஏறி நான் எங்கெங்கோ போவதை வீட்டில் இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆரம்பித்தது சும்மாதான். கூட வேலை செய்தவர் ஒருநாள் ஆர்ப்ரோத் கூட்டிப்போனார். ரயிலில் இருபது நிமிடம். அங்கே பிடித்த பைத்தியம். கொரோனாவால் கதவு மூடியிருந்த காலத்தைக் கழித்துவிட்டால் ஆறு சீசன் தேறும். கார் கிடையாது, ரயிலும் பஸ்ஸும்தான். ஆகவே இது கார் இல்லாதவனின் கணக்கு. ஆட்டத் தரத்துக்கு நான் மதிப்பெண் போடப் போவதில்லை. காற்று எந்தப் பக்கம், கூரை எங்கே, கழிப்பறை எப்படி, தின்கிற இறைச்சிப் பை (pie) சூடாக இருக்குமா, திரும்பி வர வண்டி உண்டா, இதெல்லாம்தான் எனக்கு முக்கியம்.

ஆர்ப்ரோத்தின் கேஃபீல்டிலிருந்தே தொடங்குகிறேன். ஐரோப்பாவிலேயே கடலுக்கு இவ்வளவு அருகில் வேறு பெரிய மைதானம் கிடையாது என்று அந்த ஊர்க்காரர்கள் மார்தட்டுவார்கள். போய் நின்றால் மறுக்கத் தோன்றாது. சுவருக்கு அந்தப் புறம் வடகடல். கடல் பொங்கும் நாளில் அலை சுவரைத் தாண்டித் தெறிக்கும். ஜனவரியில் ஒருமுறை கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நடுக்கோட்டுக்கு முன்பே வானத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பி, அவர் தலைக்கு மேலேயே போய்க் கார்னர் ஆனது. பக்கத்தில் நின்ற பெரியவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “இன்னைக்குக் காத்து கம்மிதான்” என்றார்.

அங்கே நான் கற்றுக்கொண்ட பாடம், எங்கே நிற்பது என்பது. முதல் வருடம் கடல் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். அது புதுசாக வருகிறவன் செய்கிற தப்பு. கூரை போட்ட நிற்கும் படிகள் இருக்கின்றன, அதில் பின்வரிசைதான் நல்லது. அப்புறம், காலுக்கு. குளிர் காற்றில் வருவதைவிடக் கான்கிரீட்டிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு சாக்ஸ் போட்டதற்குச் சமம். இதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் அடுத்த மாதம் அட்டையோடு வந்தார்கள்.

இந்தக் கிளப்பின் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு ஸ்கோரால்: 1885 செப்டம்பர் 12, ஸ்காட்டிஷ் கோப்பையில் பான் அக்கார்டை 36-0 என்று அடித்தார்கள். ஜான் பெட்ரி என்ற பையன் மட்டும் 13 கோல். வேடிக்கை என்னவென்றால் அதே நாளில் டண்டீ ஹார்ப் என்ற அணியும் 35-0 என்று ஜெயித்தது. ஒரே ஒரு கோல் குறைந்ததால் அவர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. அந்த ஆட்டம் நடந்தது பழைய கேஃபீல்டில். இப்போதுள்ள மைதானம் 1925இல் சற்றுத் தள்ளி அமைத்தது. என் காலத்தில் பார்த்ததைக் கேட்டால் 2021-22 சீசனைத்தான் சொல்வேன். பகலில் வேறு வேலைக்குப் போகிற ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு இரண்டாம் நிலைப் பிரிவில் கில்மார்னக்குக்கு அடுத்த இடத்தில் முடித்தார்கள். அந்த வசந்தத்தில் கேஃபீல்டில் இடம் பிடிக்க முன்கூட்டியே கிளம்ப வேண்டியிருந்தது.

ஆட்டம் முடிந்து துறைமுகப் பக்கம் நடந்தால் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி கிடைக்கும். ஹாடக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, விறகுப் புகையில் தொங்கவிட்டு வேகவைப்பது. கருவாடும் இல்லை, வறுவலும் இல்லை. சூடாக, கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். ரயிலில் தின்றால் பெட்டி முழுவதும் நம்மையே பார்க்கும்.

ஆங்கஸ் மாவட்டத்தில் ஆர்ப்ரோத், மான்ட்ரோஸ், ஃபார்ஃபர், பிரீச்சின் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நான்கு கிளப்கள். பிரீச்சினுக்கு ரயில் கிடையாது, டண்டீயிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே போவதற்கு ஒரே காரணம் வேலி. கிளீப் பார்க்கின் ஒரு பக்கத்தில் சுவர் இல்லை, நீளமான பீச் மர வேலி. யாரோ வீட்டுத் தோட்டத்துக்குள் கால்பந்து ஆடுவதுபோல் இருக்கும். என் மகளை முதன்முதலில் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனது அங்கேதான். தொண்ணூறு நிமிடத்தில் அவள் வாய் திறந்து சொன்னது ஒன்றே: “அப்பா, பந்து செடிக்குள்ள போயிடுச்சு!” அவளுக்கு அதுவே கோல் மாதிரி. இந்தக் கிளப் பட்ட பாடு தனிக்கதை. 2017-18இல் 36 லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்காமல் நான்கு டிராவோடு இறங்கி, 2021இல் தேசிய லீக்கையே விட்டு ஹைலேண்ட் லீக்குக்குப் போய்விட்டது. வேலியை மட்டும் ஒழுங்காகக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.

ஃபார்ஃபரின் மைதானத்துக்கு ஸ்டேஷன் பார்க் என்று பெயர். ஸ்டேஷனைத் தேடாதீர்கள், பயணிகள் ரயில் 1967இலேயே நின்றுவிட்டது. பெயரை நம்பி ரயில் நேரம் தேடிய ஆட்களில் நானும் ஒருவன். அங்கே போனால் பிரைடி சாப்பிட வேண்டும்: கொத்திய மாட்டிறைச்சியை மாவுக்குள் மடித்துச் சுட்டது, நம்ம சோமாசியைப் பெரிதாக்கியதுபோல். மேலே ஒரு துளை இருந்தால் வெங்காயம் இல்லை, இரண்டு இருந்தால் உண்டு என்பது ஊர் வழக்கம். மான்ட்ரோஸ் எளிது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், குறை சொல்ல எதுவும் இல்லை, அதனாலேயே சொல்லவும் அதிகம் இல்லை.

இந்த இரண்டிலும் செயற்கைப் புல். ரசிகர்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்காது. பந்து துள்ளுவது சரியில்லை, முழங்கால் போகிறது என்பார்கள். 2026-27 முதல் மேல்மட்டப் பிரிவான பிரீமியர்ஷிப்பில் அதைத் தடைசெய்யவே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் கீழ்ப்பிரிவுகளில் அது இல்லாவிட்டால் டிசம்பரில் பாதி ஆட்டம் நடக்காது என்பது என் கட்சி. புல் மைதானத்தில் காலையில் நடுவர் வந்து தரையைக் குத்திப் பார்ப்பார். உறைந்திருந்தால் ஆட்டம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கிய பிறகு அந்தச் செய்தி கிடைத்த அனுபவம் எனக்கு மூன்று முறை. இப்போதெல்லாம் புல் மைதானம் என்றால் பதினோரு மணிக்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

ஃபைஃப் பக்கம் கௌடன்பீத். பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல் பார்க். உள்ளே நுழைந்ததும் குழம்பிப்போவீர்கள், ஏனென்றால் புல்தரையைச் சுற்றித் தார் ஓடுபாதை, ஓரத்தில் டயர். ஸ்டாக் கார் பந்தயம் நடக்கிற இடம் அது. ஆட்டக்காரர்களுக்கும் நமக்கும் நடுவே ஒரு சாலையே ஓடுகிறது. வேறு எங்கே போனாலும் ஆட்டக்காரர் திட்டுவது காதில் விழும், இங்கே விழாது. வசதி என்று பார்த்தால் நான் போனவற்றில் இதுதான் கடைசி. ஆனாலும் வருடம் ஒருமுறை போகிறேன். 1949இல் ரேஞ்சர்ஸ் வந்தபோது இதே இடத்தில் 25,586 பேர் நின்றார்களாம். காலியான மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணை நினைத்துப் பார்க்க, போகிற செலவு தகும். இந்த அணிக்குப் பட்டப்பெயர் ப்ளூ பிரேசில். யார் வைத்தார்களோ, நல்ல நகைச்சுவை உள்ள ஆள்.

மெத்திலில் ஈஸ்ட் ஃபைஃபின் பேவியூ, 1998இல் திறந்தது. ஒரே ஒரு ஸ்டாண்ட், இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கை, மற்ற மூன்று பக்கமும் வெறும் வேலிதான். முன்பெல்லாம் கர்க்கால்டியில் இறங்கி பஸ் மாறிப் போக வேண்டும். திரும்பி வரும்போது நிழற்குடையில் நின்று விறைத்துப்போவேன். 2024 ஜூனில் பக்கத்து ஊரான லீவனுக்கு மறுபடியும் ரயில் விட்டார்கள், 1969க்குப் பிறகு முதல்முறையாக. மைதானத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. ஆனால் என் பட்டியலில் அது நான்கு இடம் மேலே ஏறிவிட்டது. இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டு 1938இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற கிளப் இது. அதை இன்னொரு இரண்டாம் நிலை அணி செய்ய 2016இல் ஹிபர்னியன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டம்பார்டனும் அதே அச்சுதான், 2000த்தில் கட்டிய ஒற்றை ஸ்டாண்ட். ஆனால் அங்கே தலைக்கு மேல் டம்பார்டன் பாறை. பழைய எரிமலையின் மிச்சம், மேலே கோட்டை. 1890-91இல் நடந்த முதல் லீக் பட்டத்தை ரேஞ்சர்ஸோடு பகிர்ந்து, அடுத்த வருடம் தனியாக வென்ற அணி. இப்போது அந்தப் பாறையடியில் சில நூறு பேருக்கு முன்னால் ஆடுகிறது. ஒரு சின்ன ஆலோசனை: ஆட்டம் மந்தமானால் பாறையைப் பார்க்கலாம். நான் பாதி நேரம் அதைத்தான் பார்த்தேன்.

பானிரிக்கில் மைதானம் சாய்வு. சும்மா சொல்லவில்லை, கண்ணுக்கே தெரியும். ஒரு பாதியில் மேட்டை நோக்கி ஆட வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி மோதிய பிறகு, பொது ரசிகர்களுக்கு மைதானத்தில் மது கிடையாது. ஆகவே இடைவேளையில் எல்லோரும் இறைச்சிப் பை விற்கும் கடை வரிசையில்தான். ஸ்காட்ச் பை என்பது ஆட்டிறைச்சி வைத்த வட்டப் பை. மேல்மூடி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் சாஸ் ஊற்ற ஒரு கிண்ணம்போல் இடம் கிடைக்கும். கடித்த முதல் வாயில் நாக்கு வெந்துபோகும், ஜாக்கிரதை. குடிக்க பாவ்ரில், அதாவது மாட்டிறைச்சிச் சாறு கரைத்த வெந்நீர். எனக்கு இறங்கவில்லை, தேநீரோடு நிறுத்திக்கொண்டேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம், மாக்கரோனி பை பல இடங்களில் இருக்கிறது. மாவுக்குள் மாவு. குளிரில் அதுவும் இறங்கும். வரிசையில் 40ஆவது நிமிடத்திலேயே போய் நிற்பது நல்லது. இடைவேளை விசில் வரை காத்திருந்தவர்களுக்கு இரண்டாம் பாதியின் முதல் கோல் போய்விடும்.

குறைகளும் உண்டு. ஒரு மைதானத்தில் ஆண்கள் கழிப்பறைக்குக் கூரையே இல்லை. மழையில் குடையோடு நின்றேன். இன்னொன்றில் டிக்கெட்டை ஆன்லைனில் மட்டும் வாங்கு என்றார்கள், வாசலில் நெட்வொர்க் இல்லை, கிக்-ஆஃப் போய்விட்டது. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவருக்குக் கோட்டோரமாகவே இடம் விட்டு, தன்னார்வலர் ஒருவர் போர்வை கொண்டுவந்து போர்த்தியதையும் பார்த்திருக்கிறேன். டிக்கெட் பெரும்பாலும் 15 முதல் 20 பவுண்டுக்குள்.

தடுப்பு இல்லாத மைதானங்களில் இடைவேளையில் மொத்தக் கூட்டமும் இடம் மாறும். நம் அணி எந்தக் கோலைத் தாக்குகிறதோ அந்தப் பின்புறம் போய் நிற்பார்கள். எதிரணி ரசிகர்கள் எதிரே வருவார்கள், நடுவழியில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டே கடக்கும். சண்டை வந்து நான் பார்த்ததில்லை. பெரிய மைதானத்தில் ஒரு நாற்காலி எண்ணோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். எனக்கு அது ஒத்துவராமல் போனதற்கு இதுவே காரணம்.

இன்னும் பார்க்காதது ஸ்ட்ரான்ரார். தென்மேற்கு மூலை, டண்டீயிலிருந்து போய்வர ஒரு நாள் முழுக்க வேண்டும். மார்ச்சில் போகலாம் என்று விடுப்பு கேட்டிருக்கிறேன். மகள் வருகிறாளாம். அங்கே வேலி உண்டா என்று மட்டும் கேட்டாள்.