சென்னை–பெங்களூரு: விமானமா, வந்தே பாரத்தா?

வான்வழியில் சுமார் 270 கிலோமீட்டர், தண்டவாளத்தில் சுமார் 360. டிக்கெட்டில் விமானத்துக்கு ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம், வந்தே பாரத்துக்கு நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த நாலு எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் விமானம்தான். வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை கணக்குப் போட்டால் நான் ரயில் பக்கம்.

டிக்கெட்டில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்திலேயே ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்ந்திருக்கிறது. வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். ஏறி முடித்துக் கொஞ்சம் சமமாகப் பறப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

சென்னை தேனாம்பேட்டையிலிருந்து பெங்களூரு இந்திராநகர் போவதாக வைத்துக்கொள்வோம். காலை 9 மணி விமானம். பெட்டி போடும் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதனால் 7 மணிக்கு மெட்ரோ ஏறியாக வேண்டும். 10.05க்கு இறங்கி, பெட்டி வந்து, வண்டி பிடிக்க 10.40.

முடிவைத் தீர்மானிப்பது இதற்கு அடுத்த கட்டம். 2008இல் பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனதிலிருந்து ஊருக்குள் வரவே 35, 40 கிலோமீட்டர். மெட்ரோ இன்னும் அங்கே எட்டவில்லை. வாயு வஜ்ரா பேருந்தோ டாக்ஸியோ, இரண்டுக்கும் பெரும்பாலும் ஹெப்பாள் மேம்பாலம்தான் வழி. நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம், சிக்கினால் ஒன்றரை, மழை நாளில் அதற்கும் மேல். ஆக இந்திராநகர் சேர 12 மணி ஆகலாம்: மொத்தம் ஐந்து மணி நேரம்.

ரயிலுக்கு 5.15க்கு வீட்டை விட்டுக் கிளம்பி, 5.50க்கு சென்ட்ரலில் வண்டி ஏறினால், பத்தேகாலை ஒட்டி பெங்களூரு. ரயில் நிலையத்தை ஒட்டியே ஊதா வழித்தட மெட்ரோ. இருபது நிமிடத்தில் இந்திராநகர். ஐந்தரை மணி நேரம். அரை மணி நேரம் கூடுதல்தான், ஆனால் அதில் நாலு மணி நேரத்துக்கும் மேல் ஒரே இருக்கையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வேலை பார்க்கலாம். விமானப் பயணத்தில் அந்த ஐந்து மணி நேரமும் வரிசை, சோதனை, பெல்ட், டாக்ஸி என்று துண்டு துண்டாகப் போய்விடும்.

ரயிலில் தொல்லை டிக்கெட்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. வெள்ளி மாலை, பொங்கல், தீபாவளிக்கு அன்றே போட்டுவிடுவது நல்லது. தவறினால் முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி தத்கல். விமானத்தின் தொல்லை பனிமூட்டம்: டிசம்பர், ஜனவரி அதிகாலையில் பெங்களூரில், போகி அன்று புகையோடு சேர்ந்து மீனம்பாக்கத்திலும். அந்த நாட்களில் முதல் விமானத்தை நம்பி மீட்டிங் வைக்காதீர்கள்.

எலஹங்கா, ஹெப்பாள், தேவனஹள்ளிப் பக்கம் வேலை என்றால் யோசிக்காமல் விமானம். பெங்களூரிலிருந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பவர்களுக்கும் அதுவே. ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் அடுத்ததன் காசு போய்விடும். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இரண்டுமே சுற்றுதான். ஓசூர் வழியாக வரும் பேருந்து அந்த வாசலிலேயே இறக்கிவிடும். நேரம் மட்டும் சாலையைப் பொறுத்தது.