விற்காமல் நிறுத்திய வீட்டுக்கு எஸ்டேட் ஏஜென்ட் கமிஷன்: இங்கிலாந்தில் எங்கள் அனுபவம்

இங்கிலாந்தில் சொந்த வீட்டை விற்பனைக்கு விட்டு, பிறகு குடும்பச் சூழ்நிலை மாறியதால் விற்பதை நிறுத்திக்கொண்ட அனுபவம் எங்களுக்கு ஒருமுறைக்கு மேல் உண்டு. வெவ்வேறு எஸ்டேட் ஏஜென்ட்டுகளோடு, அதாவது வீடு விற்றுத் தரும் முகவர்களோடு, பழகிய இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். விற்காத வீட்டுக்குக் கமிஷன் கேட்க முடியுமா முடியாதா என்பதை, அந்தக் கமிஷன் எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டியதாகிறது என்று சொல்லும் ஒரே ஒரு வாக்கியம் தீர்மானிக்கிறது. முகவர் எத்தனை பேரை அழைத்து வந்து வீட்டைக் காட்டினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாங்குபவரின் விலையை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாலே வீடு விற்றதாகிவிடாது. இரு தரப்பு சொலிசிட்டர்களும் (வீட்டு விற்பனையைக் கவனிக்கும் வழக்கறிஞர்கள்), கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை இருவரில் எவரும் விலகிக்கொள்ளலாம். முகவரின் கமிஷன் விஷயத்திலும் உரிமையாளருக்குச் சாதகமான ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. 1941-இல், அப்போது மேல்முறையீட்டுக்கான இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த லக்ஸர் எதிர் கூப்பர் வழக்கில், விற்பனை நிறைவேறியதும் 10,000 பவுண்டு கமிஷன் என்று பேசப்பட்டிருந்தது. வாங்க ஆள் கிடைத்த பிறகும் உரிமையாளர்கள் விற்கவில்லை. முகவரின் கோரிக்கை தோற்றது. விற்பனை முடிந்தால்தான் பணம் என்பது பேச்சாக இருந்தால், விற்காமல் இருக்கும் உரிமை உரிமையாளரிடமே இருக்கிறது என்பது அதன் சாரம். அதனால்தான் பல முகவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் வேறு பேச்சை எழுதி வைக்கிறார்கள்.

அந்த வேறு பேச்சுக்குப் பெயர் 'ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள் பர்ச்சேசர்'. நிபந்தனையின்றி ஒப்பந்தம் பரிமாறிக்கொள்ளத் தயாராகவும், அதற்கான வசதியுடனும் இருக்கும் ஒருவரை முகவர் கொண்டுவந்துவிட்டால், நீங்கள் பிறகு விலகிக்கொண்டாலும், விலகியதற்கான காரணம் எதுவாக இருந்தாலும், கமிஷன் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தும் முகவர் அதன் விளக்கத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கான 1991-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. 'சோல் ஏஜென்சி' (ஒரே முகவரிடம் மட்டும் ஒப்படைப்பது), 'சோல் செல்லிங் ரைட்ஸ்' ஆகிய சொற்களுக்கும் அப்படியே. இரண்டாவதில், உரிமையாளர் தானாகவே ஆள் பிடித்து விற்றாலும் முகவருக்குக் கமிஷன் உண்டு. ஆனாலும் விற்பனையையே கைவிடுபவரை இந்த இரண்டும் பெரும்பாலும் பாதிப்பதில்லை, ஏனெனில் இரண்டிலும் கமிஷன் ஒப்பந்தப் பரிமாற்றத்தோடுதான் பிறக்கிறது. பயப்பட வேண்டியது 'ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள்' என்பதற்குத்தான்.

முதல்முறை நாங்கள் கையெழுத்திட்டது சாதாரண சோல் ஏஜென்சி ஒப்பந்தம். சரியான விலைக்கு ஆள் அமைவதற்கு முன்பே வீட்டை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்ததால் கமிஷன் என்ற பேச்சே எழவில்லை. ஆனால் ஒரு பில் வந்தது. அதில் புகைப்படம், அறைகளின் வரைபடம், வீட்டின் எரிசக்தித் திறனைக் காட்டும் எரிசக்திச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான தொகைகள் தனித்தனியாக இருந்தன. கடைசி வரியில் 'நிர்வாகக் கட்டணம்' என்று இன்னொரு தொகையும் இருந்தது. முதல் மூன்றும் விலகினால் செலுத்த வேண்டியவை என்று ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதப்பட்டிருந்ததால் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். நான்காவது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டதும், திருத்திய பில்லை அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டம் 1979-இன் 18-ஆம் பிரிவு, என்னென்ன கட்டணம், எப்போது, எவ்வளவு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தரச் சொல்கிறது. அப்படித் தராத முகவர் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அதை வசூலிக்க முடியாது. நாம் பணம் கொடுத்த எரிசக்திச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்தமுறை வேறு முகவரிடம் போனபோது அதையே கொடுத்தோம்.

அந்த அடுத்த முகவரின் ஒப்பந்தத்தில்தான் 'ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள்' வாக்கியம், இரண்டாம் பக்கத்தில், கமிஷன் சதவீதத்துக்குக் கீழே இருந்தது. அதை நீக்கினால்தான் கையெழுத்து என்றேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று முதலில் தயங்கிய அலுவலர், மேலாளரிடம் பேசிவிட்டு வந்து, அந்த வாக்கியத்தின் மீது பேனாவால் கோடிழுத்து, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். 'ஒப்பந்தப் பரிமாற்றத்தின்போது மட்டும்' என்று அதன் மேலேயே கையால் எழுதினோம். பிறகு ஒருவரின் விலையை ஏற்று, சொலிசிட்டர் வேலையும் தொடங்கியிருந்த நிலையில், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றியதால் நாங்கள் விலக வேண்டிவந்தது. வாங்க வந்த குடும்பத்துக்கு அது பெரிய ஏமாற்றம். அந்த வருத்தம் எங்களுக்கும் இருந்தது. கமிஷனாக ஒரு பைசாவும் கேட்கப்படவில்லை.

அந்தக் கோடு எவ்வளவு பெறும் என்பதைக் கணக்கிட்டால் புரியும். 4,00,000 பவுண்டு விலையில் 1.5 சதவீதம் என்றால் 6,000 பவுண்டு, அதன்மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 1,200 பவுண்டு, ஆக 7,200 பவுண்டு. வீடு கைமாறாத நிலையில் இந்தத் தொகை விற்பனைப் பணத்திலிருந்து கழியாது, சேமிப்பிலிருந்துதான் போகும். இப்படியொரு வாக்கியத்தைச் சாதாரண வீட்டுக்காரரிடம் முகவர்கள் நீட்டுவதே நியாயமில்லை என்பது என் திடமான கருத்து.

உறவினர் ஒருவர் இணையவழி முகவரிடம் முன்பணமாக நிலையான கட்டணம் செலுத்தியிருந்தார். அவர்கள் வாங்குவது விளம்பரத்துக்கான கட்டணம் என்பதால் விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பாது. உறுதியாக விற்கப்போகிறவருக்கு அது மலிவு. மனம் மாற வாய்ப்புள்ளவருக்கு, விற்றால் மட்டும் கமிஷன் என்னும் உள்ளூர் முகவரே மேல்.

வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியிருந்தாலோ இணையத்தில் ஒப்பந்தம் செய்திருந்தாலோ, 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி 14 நாட்களுக்குள் ரத்துசெய்யலாம். ஆனால் அதற்குள்ளேயே வேலையைத் தொடங்குங்கள் என்று நாம் எழுதிக் கொடுத்திருந்தால், நடந்த வேலைக்கு உரிய பங்கைக் கேட்பார்கள். விளம்பரம் உடனே போக வேண்டும் என்ற அவசரத்தில் அதற்கான பெட்டியில் டிக் அடிப்பதற்குமுன் சற்று யோசிக்கலாம்.

நிறுத்துவதென்று முடிவானதும் தொலைபேசியில் சொல்வதோடு விடக்கூடாது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலமும் முன்னறிவிப்புக் காலமும் இருக்கும். கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, எந்தத் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது என்று பதிலில் உறுதி வாங்க வேண்டும். கூடவே, வீட்டைப் பார்த்தவர்களின் பட்டியலையும் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் பின்னாளில் அவர்களில் ஒருவரே வாங்க வந்தால் பழைய முகவர் கமிஷன் கோர இடமுண்டு. பில்லில் தகராறு என்றால் முதலில் முகவரிடமே எழுத்தில் புகார் கொடுத்து 8 வாரம் வரை அவகாசம் தர வேண்டும். தீராவிட்டால் பிராப்பர்ட்டி ஆம்புட்ஸ்மன் போன்ற குறைதீர்ப்பு அமைப்புக்குச் செல்லலாம். அவற்றில் ஒன்றில் உறுப்பினராக இருப்பது 2008 முதல் முகவர்களுக்குக் கட்டாயம். எதில் உறுப்பினர் என்பதை அவர்களின் கடிதத்தாளிலோ இணையதளத்திலோ பார்க்கலாம், நுகர்வோருக்கு அந்தச் சேவை இலவசம்.