கிருஷ்ணகிரி கோர்ட் பக்கத்து மனு டைப்பிங் கடை: கவர்மெண்ட் வேலைய பர்மனென்ட் பண்ணக் கேட்டு அலையறவங்களுக்கு 4 ஸ்டார்

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு முதல்லயே சொல்லிடறேன். உக்கார இடம் கிடையாது, இருக்கறது ஒரே ஸ்டூல், அதுமேலயும் ஜெராக்ஸ் பேப்பர் கட்டு. எங்க அப்பா இனிஷியலை வேற ரெண்டு தடவ தப்பா அடிச்சாங்க. மத்தபடி குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

நான் ஒரு கவர்மெண்ட் ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி. 2011ல தினக்கூலியா சேந்தேன், 2017ல இருந்து ஏஜென்சி மூலமா சம்பளம், அதே சீட்டு அதே கம்ப்யூட்டர், வேலை சொல்றதும் அதே ஆபீசர்தான், பேங்க் மெசேஜ்ல வர்ற பேரு மட்டும் மாறிடுச்சு. கூட வந்தவரு எங்க நைட் வாட்ச்மேன் அண்ணன், 1995ல சேந்து இன்னும் தினக்கூலி. இதுக்கு முன்னாடி ஒரு புரோக்கர்கிட்ட ஆளுக்கு 3,000 குடுத்து ஏமாந்தோம், பதினாலு பேருக்கும் ஒரே மனு, பேரு மட்டும் மாத்தி. கேட்டா "பத்து வருஷம் முடிஞ்சாலே தானா பர்மனென்ட்டு, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு"ம்பாரு.

இந்தக் கடை அக்கா வக்கீல் குமாஸ்தாவா ரொம்ப வருஷம் இருந்தவங்க. போய் நின்னதும் சேந்த தேதியதான் கேட்டாங்க. என் தேதிய கேட்டுட்டு, "தம்பி உனக்கு ஜி.ஓ. 22 வராது"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. 28.2.2006ல போட்ட அரசாணை அது, 1.1.2006 அன்னிக்கு பத்து வருஷம் முடிச்ச தினக்கூலிங்களுக்குத்தான். புரோக்கர் மனுவுல என் பேருக்கு கீழயும் அதையே போட்டு வச்சிருந்தான் பாருங்க. அண்ணனுக்கு அது கரெக்டா பொருந்துது, ஆனா 2006ல ஏன் கேக்காம விட்டீங்கன்னு அக்கா கேட்டதுக்கு அவரு தலைய குனிஞ்சுக்கிட்டாரு. யாரு சொன்னா அவருக்கு.

சுப்ரீம் கோர்ட்டோட உமாதேவி தீர்ப்புன்னு எல்லாரும் சொல்றாங்களே, அத அக்கா சொல்லித்தான் எனக்கு புரிஞ்சுது. 2006 ஏப்ரல் 10, அஞ்சு ஜட்ஜ். பின்வாசல்ல வந்தவங்கள நிரந்தரம் பண்ண முடியாது, வருஷம் ஓடிடுச்சுங்கறது மட்டும் உரிமை ஆகாதுன்னுதான் அதுல மெயின். ஆனா அனுமதிச்ச போஸ்ட்டுல, தகுதியோட, கோர்ட் ஆர்டர் எதுவும் வாங்காம பத்து வருஷத்துக்கு மேல ஓட்டினவங்கள ஒரு தடவ மட்டும் பரிசீலிங்கன்னும் அதுலயே இருக்கு. புரோக்கருங்க இந்தக் கடைசித் துண்ட மட்டும் வெட்டி எடுத்து வித்துட்டு இருக்காங்க.

எனக்கு கொஞ்சமாச்சும் உதவறது சுப்ரீம் கோர்ட்டோட புது தீர்ப்புங்கதானாம். 2024 டிசம்பர்ல ஜக்கோ கேஸ், மத்திய நீர் ஆணையத்துல கூட்டிப் பெருக்கினவங்களும் ஒரு தோட்டக்காரரும் போட்டது, நீக்கினத ரத்து பண்ணி நிரந்தரம் பண்ண சொல்லிட்டாங்க, வருஷக்கணக்கா நிரந்தர வேலைய செய்ய வச்சிட்டு உமாதேவிய காட்டி விரட்டக் கூடாதுன்னு. 2025 ஆகஸ்ட்ல தரம் சிங் கேஸ்லயும் அரசுகிட்ட நிதி இல்லங்கற சாக்கு எடுபடல. ஆனா எனக்கு நடுவுல ஏஜென்சி வந்து உக்காந்திருக்கே, காண்ட்ராக்ட்ல வந்தவங்கள தானா சேத்துக்க முடியாதுன்னு 2001லயே தீர்ப்பு இருக்கு, காண்ட்ராக்ட்டே வெறும் கண்துடைப்புன்னு காட்டினாத்தான் வழின்னாங்க. அதனால ஆபீசர் கையெழுத்து போட்ட லீவ் லெட்டரு, வருகைப் பதிவேடு, எனக்கு வந்த ஆபீஸ் ஆர்டர், பி.எஃப் பாஸ்புக் எல்லாத்தையும் வருஷ வாரியா அடுக்க வச்சாங்க. அரை நாள் போச்சு.

அண்ணன் கதைதான் பெருசு. அவரு சேரும்போது கிருஷ்ணகிரி மாவட்டமே கிடையாது, தர்மபுரிதான், 2004ல பிரிச்சாங்க. பழைய சம்பள வவுச்சர் எங்க இருக்குன்னு கேட்டா இவங்க அவங்கள காட்டறாங்க அவங்க இவங்கள காட்டறாங்க. அக்கா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட வச்சு, கீழ ஒரு வரி சேத்தாங்க: தகவல் உங்ககிட்ட இல்லன்னா 6(3) பிரிவுப்படி அஞ்சு நாளுக்குள்ள இருக்கற ஆபீசுக்கு நீங்களே அனுப்புங்கன்னு. அந்த ஒரு வரிக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன், இனிஷியல் மேட்டர் இல்லன்னா. 27வது நாள் தர்மபுரில இருந்து கவர் வந்துச்சு, 1997, 98 வவுச்சர் நகல், அண்ணன் சின்ன வயசு கையெழுத்தோட. கடை வாசல்லயே நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு மனுசன்.

துறைத் தலைவருக்கு மனு ஸ்பீட் போஸ்ட்ல போயிருக்கு. பதில் இல்லன்னா சென்னை ஹைகோர்ட்டு, அங்கயும் முதல்ல "மனுவ பரிசீலிங்க"ன்னு மட்டும் ஆர்டர் வரலாம், அதுக்கே பட்டாசு வெடிச்சிடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. நான் வக்கீல் இல்லப்பான்னு அவங்களே சொல்லி, கோர்ட் வளாகத்துலயே இருக்கற இலவச சட்ட உதவிக்கு அனுப்பி வச்சாங்க (போன்ல கேக்கறதுன்னா 15100). பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி.ன்னா வருமானம் பாக்காமலே வக்கீல் உண்டு.

டைப்பிங் ஜெராக்ஸ் எல்லாம் சேத்து எங்க ரெண்டு பேருக்கும் 460 ரூபா. திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க, கலெக்டர் ஆபீஸ் மனு குடுக்கற கூட்டம் மொத்தமும் அன்னிக்கு இங்கதான் நிக்கும். பழைய பேங்க் பாஸ்புக் கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, எடுத்துட்டுப் போங்க. இனிஷியல ஒரு தடவைக்கு ரெண்டு தடவ செக் பண்ணிக்குங்க.